இணைப்பு: லாரி ஒன்று

எங்கள் சங்கம் மெம்பர்களிடம் விருப்பம் கேட்காத வருஷமே கிடையாது. ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. நாலு தடவை கேட்டார்கள். நாலு தடவையும் லாரியும் டிரெயிலரும் வேண்டும் என்று சொன்னோம். நாலு தடவையும் மாட்டு வண்டி வந்தது.

சங்கத்தின் முழுப்பெயர் ஓசூர் வட்டாரச் சிறுவடிவ வாகனப் பிரியர் கூட்டுறவுச் சங்கம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட இரண்டடி நீளம். அந்த இரண்டடியைப் பக்கத்து வீட்டுச் சுவரில் அடித்திருக்கிறார்கள். அதனால் ‘சங்கம்’ என்ற சொல் மட்டும் ஒரு தயிர்க்காரம்மாள் வீட்டு வாசலுக்கு மேலே இருக்கிறது. மனு கொடுக்க வருகிற பாதிப்பேர் அங்கேதான் போய் நிற்பார்கள். அந்தம்மாள் பதிலாவது சொல்லும்.

சங்கம் எதற்காக வந்தது என்றால் மதுவிலக்கால் வந்தது. லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்கள் பொழுது சாய்ந்தால் எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்துக்கு நடந்துவிடுகிறார்கள், அங்கே கடை திறந்திருக்கிறது, கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் கால் நடக்காது என்று மேலிடத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆகவே பெட்டி கொடுத்தார்கள். பெட்டிக்குள் அறுத்த பலகைத் துண்டு, வெட்டிய தகரம், ஆணி, ஒட்ட வஜ்ஜிரம், ஒரு படம். படத்தைப் பார்த்து ஒட்டி, அடித்து, ஒரு முழத்துக்குள் அடங்கும் வண்டியை நாமே செய்துகொள்ள வேண்டும். மேலிடத்தார் எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்களுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

பிடித்ததால்தான் இத்தனை கஷ்டமும். முதல் வருஷம் வந்த பெட்டியில் மாட்டு வண்டி. இரண்டாம் வருஷம் கூண்டு போட்ட மாட்டு வண்டி. மூன்றாம் வருஷம், கூண்டை விரும்பாத மெம்பர்களை உத்தேசித்து, கூண்டு இல்லாத மாட்டு வண்டி. நாலாம் வருஷம் வண்டியே இல்லை, மாடு மட்டும் வந்தது. முந்தைய மூன்றுக்கும் பொருந்தும் என்று மூடியில் அச்சடித்திருந்தது.

நாங்களோ லாரி ஆட்கள். நான் கரியப்பன், லாரி ஆபீசில் பதினாறு வருஷமாக மூட்டை தூக்குகிறேன். மெஹபூப் பாஷா, ஓட்டை விழுந்த ரேடியேட்டரைப் பற்றவைக்கிறவர். நாராயணம்மா, கிழிந்த தார்ப்பாய் தைக்கிறவள். எங்கள் கண்ணில் காலை முதல் படுவது லாரி. கனவில் வருவதும் அதுதான், சில நாள் முதுகு மேலேயே ஏறும்.

ஐந்தாம் வருஷத்து விருப்பக் கேட்பு மகாசபை சந்தைக்கு மறுநாள் கூடியது. தலைவர் கோவிந்தப்பன் நடுவில் உட்கார்ந்தார். மாந்தோப்புக்காரர், சொந்தக் கார் உண்டு, லாரியை அவர் பார்த்ததெல்லாம் காரைத் தாண்டிப் போகும்போதுதான். பக்கத்தில் காரியதரிசி எல்லப்பன், மூன்று ரிஜிஸ்தர்களோடு.

“கனம் மெம்பர்கள் விருப்பத்தைச் சொல்லலாம்” என்றார் காரியதரிசி.

நாராயணம்மா எழுந்தாள். “லாரி வேணும் சாமி. மேல தார்ப்பாய் போட்ட லாரி. நாலு வருசமா நானும் சொல்லிகினே இருக்கறேன்.”

“தார்ப்பாய் மாட்டு வண்டிக்கும் போடலாமே அம்மா?”

“போடலாம் சாமி. உங்க காருக்குக்கூட போடலாம். நான் கேட்டது லாரி.”

பாஷா, முன்மூடி திறந்து மூடுகிற லாரி வேண்டும் என்றார். நான் லாரிக்குப் பின்னால் கோத்து இழுக்கிற டிரெயிலர் வேண்டும் என்றேன். பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“மெம்பர்களே, விருப்பம் என்பது உங்கள் உரிமை. அதைக் கெடாமல் காப்பாற்றி வைப்பது சங்கத்தின் கடமை. அவசரப்பட்டு நிறைவேற்றிவிட்டால் அடுத்த வருஷம் எதைக் கேட்பீர்கள்? கேட்க ஒன்றும் இல்லாத மெம்பரின் கதி என்ன? நேரே எல்லை தாண்டிப் போவார். ஆகவே நாலு வருஷமாக உங்கள் விருப்பத்தை நாங்கள் தொடாமல் வைத்திருக்கிறோம்.”

கை தட்டினோம். எதற்கு என்று தெரியவில்லை. முதல் வரிசை தட்டியது, நாங்களும் தட்டினோம்.

என் சமாசாரம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அவசரம். பெட்டி வரும் என்று காத்துப் பார்த்து அலுத்துப்போய் லாரியை நானே செய்துவிட்டேன். ஒன்றரை வருஷம் பிடித்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி உடம்பு. தேய்ந்த டயர்ச் செருப்பை அறுத்துச் சக்கரம். கதவுக்குப் பிடி என் பெண்சாதி மாதம்மாளின் கொண்டை ஊசி. அவள் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். பாஷா ஒரு சொட்டு ஈயம்கூட வெளியே வழியாமல் பற்றவைத்துக் கொடுத்தார். நாராயணம்மா உள்ளங்கை அகலத்தில் ஒரு தார்ப்பாய் தைத்து, நாலு மூலைக்கும் கண் வைத்துக் கயிறு கோத்துக் கொடுத்தாள். பின்பலகை, சங்கிலியை அவிழ்த்தால் இறங்கும். லாரியைப் பின்னால் நின்று பார்த்தே பழகினவன் நான். பின்பக்கத்தில் ஒரு கொண்டி, ஒரு ஆணி தப்பாது.

டிரெயிலர்தான் வரவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் ஒரு வட்டத் தகடு சுழல வேண்டும். கடைசல் பட்டறை இல்லாமல் சுத்தியலால் அதைச் செய்ய முடியாது. சங்கத்துக்குக் கிருஷ்ணகிரியில் கடைசல் பட்டறை இருக்கிறது. அதில் மாட்டுக்குக் கொம்பு கடைகிறார்கள்.

மகாசபை முடிந்ததும் எழுத்துமூலமாக மனுக் கொடுக்கப் போனேன். காரியதரிசி முதல் ரிஜிஸ்தரைத் திறந்தார்.

“இது மோட்டார் வாகன ரிஜிஸ்தர். உன் டிரெயிலருக்கு இஞ்சின் உண்டா?”

“டிரெயிலருக்கு ஏதுங்க இஞ்சின்? லாரி இழுக்கும்.”

மூடிவிட்டு இரண்டாவதைத் திறந்தார். “இது மாட்டு வண்டி ரிஜிஸ்தர். மாடு உண்டா?”

“இல்லீங்க.”

“இஞ்சினும் இல்லை, மாடும் இல்லை. அப்புறம் அது எப்படி வண்டி ஆகும்?”

“சக்கரம் இருக்குதுங்களே.”

“ராட்டைக்கும்தான் இருக்கிறது.” மூன்றாவது ரிஜிஸ்தரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அது முதல் இரண்டு ரிஜிஸ்தர்களையும் எப்போது திறந்தோம், எப்போது மூடினோம் என்று எழுதுகிற ரிஜிஸ்தராம். எழுதிக்கொண்டார்.

பிறகு என் மேல் இரக்கம் வந்தது. “ஒரு வழி இருக்கிறது. டிரெயிலரை இழுக்கப்போகிற லாரியை மனுவோடு இணைத்துக் கொடு. இணைப்பில் இஞ்சின் இருந்தால் மனுவிலும் இருந்ததாக எடுத்துக்கொள்வோம்.”

மறுநாள் லாரியைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனேன். வழியில் பாஷா மறித்தார். “அரே கரியப்பா, குடுக்காதே. அந்த ஆபீசுக்குள்ள போன என் குடைகூட ரெண்டு வருசமா வெளிய வரல.”

“குடை வேற, லாரி வேற பாய். இது இணைப்பு.”

“குடை போனதுக்கு நான் மழையில நனைஞ்சேன், அவ்ளோதான். இப்ப உன்னைப் பாத்தா பயமா இருக்குது.”

நான் கேட்கவில்லை. டிரெயிலர் ஆசை கண்ணை மறைத்தது.

காரியதரிசி லாரியை மேஜை மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தார். பின்பலகையை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். ஒரு நிமிஷம் அவர் முகம் காரியதரிசி முகமாகவே இல்லை. பிறகு நினைவு வந்து பியூனைக் கூப்பிட்டார். இணைப்பு எதுவானாலும் துளை போட்டு மனுவோடு நூல் கட்ட வேண்டும் என்பது விதி. பியூன் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து டிரைவர் கதவில் ஒரே அடி. கதவு உள்ளே மடிந்தது. துளை வழியாகச் சிவப்பு நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். “இனிமே எங்கியும் போவாது.”

அவன் சொன்னது சரி. பத்து மாதம் எங்கேயும் போகவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை எங்களுக்கு லீவு. போய்ப் பார்த்து வருவேன். முதல் மாதம் தூசி. மூன்றாம் மாதம் தார்ப்பாயின் மேல் மைக்கூடு. ஆறாம் மாதம் ஒரு சக்கரம் கோணல்.

“சாமி, மனு வேணாங்க. வாபஸ் வாங்கிக்கறேன். லாரியைக் குடுத்துடுங்க.”

“வாபஸ் வாங்க மனுக் கொடு” என்றார் காரியதரிசி.

“குடுத்தா லாரி வருங்களா?”

“அந்த மனுவுக்கும் இணைப்பு இந்த லாரிதானே? அதிலும் சேர்த்துக் கட்டிவிடுவோம்.”

இன்னொரு துளை என்று புரிந்தது. திரும்பிவிட்டேன்.

அந்த வருஷம்தான் புது அளவு வந்தது. காசு ஏற்கெனவே நயாபைசா ஆகியிருந்தது. இப்போது கோலும் மாறும் என்றார்கள். சேலத்திலிருந்து அளவு அதிகாரி ஒருவர் புதுக்கோலோடு வந்தார். என் லாரியை அளந்தார்: முப்பது சென்டிமீட்டர். அதற்குத் தக்க டிரெயிலர் நாற்பது என்று கணக்குப் போட்டார். இதுவரைக்கும் எல்லாம் சரி. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

படம் வரைந்தார்கள். படத்தில் நாற்பது என்று எழுதியாயிற்று. நாற்பது என்ன என்று எழுதுவதில்தான் சிக்கல். ‘அங்குலம்’ என்று இனி எழுதக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ‘சென்டிமீட்டர்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். அது இன்னும் கூடவில்லை. ஆகவே வெறும் நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிருஷ்ணகிரிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பட்டறை ஆசாரியிடம் இருந்தது அவர் அப்பா வைத்திருந்த பழைய அடிக்கோல். அவருக்குத் தெரிந்த நாற்பது ஒன்றுதான்.

ஒருநாள் காலை லாரி ஆபீசில் மேஸ்திரி கூப்பிட்டார். “கரியப்பா, சங்கத்துக்கு ஒரு சரக்கு வந்துகிது. தனியா தூக்க முடியாது, வெள்ளையம்மா புருசனையும் கூட்டிக்கோ.”

லாரியின் பின்பலகையை இறக்கினேன். உள்ளே என் விருப்பம் படுத்திருந்தது. மூன்று அடிக்கு மேல் நாலு அங்குல நீளம், வேங்கைப் பலகை, எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவு. வட்டத் தகடு அருமையாகச் சுழன்றது. ஆசாரி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நானும் கூட மூட்டை தூக்குகிற வெள்ளையம்மா புருஷனும் தோள் கொடுத்து இறக்கினோம். பதினாறு வருஷத்தில் நான் சுமந்ததிலேயே எனக்கென்று வந்த சரக்கு அது ஒன்றுதான்.

சங்கத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நாராயணம்மா டிரெயிலரைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து எடுத்து அதன் முன்னால் வைத்த என் லாரியைப் பார்த்தாள். யானைக்கு முன்னால் எலிக்குஞ்சு நின்ற மாதிரி இருந்தது.

“ஏண்ணா, இதுக்குத் தார்ப்பாய் தைக்கணும்னா என் சேலை ரெண்டு பத்தாதே!”

பாஷா என் காதில் சொன்னார். “வருத்தப்படாதே. உன் பேரன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் இதுலயே வுடலாம்.”

தலைவர் காரிலிருந்து இறங்கி வந்து பேசினார். “சங்கம் மெம்பர் விருப்பத்தைக் கவனிப்பதில்லை என்று சிலர் பேசுகிறார்கள். இதோ, கேட்டதைவிட இரண்டரை மடங்கு கொடுத்திருக்கிறோம்! எந்த மாகாணத்தில், எந்தச் சங்கத்தில் இது நடந்தது?”

நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனேன். “சாமி, ரொம்ப சந்தோசம். டிரெயிலர் சங்கத்துலயே இருக்கட்டும். என் லாரியைக் குடுத்துடுங்க.”

தலைவர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி புத்தகத்தைப் பார்த்தார். “விருப்பம் நிறைவேறியதும் இணைப்பு திருப்பித் தரப்படும். லாரியும் டிரெயிலரும் கோத்து ஓடினால்தான் விருப்பம் நிறைவேறியதாக அர்த்தம்.”

கோத்துப் பார்த்தார்கள். டிரெயிலரின் கொண்டியை என் லாரி மேல் வைத்ததும் லாரியின் முன்பக்கம் எழும்பி வானத்தைப் பார்த்தது.

பார்க்க வந்திருந்த அளவு அதிகாரி படத்தை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “டிரெயிலர் அங்கீகரித்த படத்தின்படி செய்தது. அதில் தவறு இருக்க முடியாது. லாரிக்குப் படமே கிடையாது. ஆகவே தவறு லாரியிடம்தான்.”

“அதுக்கு நான் என்னாங்க பண்றது?”

“முப்பது நாளில் லாரியைப் பெரிதாக்கிக் கொண்டுவர வேண்டும்.”

“லாரி உங்ககிட்ட இருக்குதுங்களே. எதைப் பெருசாக்கறது?”

“அது மெம்பரின் பொறுப்பு” என்றார் காரியதரிசி. மூன்றாவது ரிஜிஸ்தரில் ஏதோ எழுதினார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சோறு இறங்கவில்லை. மாதம்மாள் கேட்டாள், “ஒரு டப்பா லாரிக்கு இவ்ளோ ஏக்கமா?” பதினாறு வருஷமாக ஊரார் சரக்கை ஏற்றி ஊரார் பேருக்கு அனுப்புகிறேன். என் கையால் எனக்கென்று செய்தது அது ஒன்று. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “டப்பா இல்லடி, டின்னு” என்றேன்.

முப்பது நாளும் போயிற்று. கெடு தவறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. அதற்குள் கிருஷ்ணகிரியில் பொருட்காட்சி போட்டார்கள். சங்கத்தின் சாதனையைக் காட்ட டிரெயிலரை அனுப்புவது என்று தீர்மானம். வெறும் டிரெயிலர் அழகாக இராது, உள்ளே ஏதாவது சரக்கு வைக்க வேண்டும் என்றார் தலைவர். சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் அகப்பட்டது என் லாரி. சிவப்பு நூலை அறுத்து அதை எடுத்து டிரெயிலருக்குள் வைத்தார்கள். தார்ப்பாயோடு, பின்பலகையோடு, மடிந்த கதவோடு, லாரி தன் டிரெயிலருக்குள்ளேயே சரக்காக உட்கார்ந்தது.

ஏற்றி இறக்கி வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். லாரி ஆபீஸ் குமாஸ்தா சரக்குச் சீட்டு போட்டார். “ஒண்ணு, மர டிரெயிலர். பெறுபவர்?”

“பொருட்காட்சி அதிகாரி” என்றார் காரியதரிசி.

“ரெண்டு, டின் லாரி. பெறுபவர்?”

காரியதரிசி திணறினார். “பொருட்காட்சியில் டிரெயிலருக்குத்தான் இடம் கேட்டு எழுதியிருக்கிறோம். சரக்குக்குக் கேட்கவில்லை. அதிகாரி பெயரை எழுதினால், கேட்காததை ஏன் அனுப்பினாய் என்பார். சங்கத்தின் பெயரை எழுதினால், உன்னுடையதை உனக்கே ஏன் அனுப்பினாய் என்பார். காலியாக விட்டுவிடுங்கள். அங்கே பார்த்துக்கொள்வார்கள்.”

குமாஸ்தா காலியாக விட்டார். சீட்டை என்னிடம் கொடுத்தார்.

சூளகிரி தாண்டி வண்டி ஒரு டீக்கடையில் நின்றது. டிரைவர் இறங்கிப் போனார். நான் மேலே டிரெயிலர் ஓரமாக உட்கார்ந்து சீட்டைப் பார்த்தேன். அத்தனை வருஷமும் பெறுபவர் கட்டத்தில் சேட் பெயர், செட்டியார் பெயர், மண்டிக்காரர் பெயர்தான் இருக்கும். காலியாக ஒரு சீட்டை அன்றுதான் பார்த்தேன். கீழே இறங்கி டீக்கடைக்காரரிடம் பென்சில் கேட்டேன். முழங்காலில் வைத்து, வண்டி நின்றிருக்கும்போதே, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். மேஸ்திரி ‘கரியப்பா’ என்று கூப்பிடுகிற பெயர் இல்லை, முழுசாக: தி. கரியப்பன், ஓசூர். கொஞ்சம் கோணிக்கொண்டது. படிக்க முடிந்தது.

பொருட்காட்சி வாசலில் காவலுக்கு இருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரெயிலரை நாலு பேர் உள்ளே கொண்டுபோனார்கள்.

“இந்த ரெண்டாவது உருப்படி யாருக்கு? கரியப்பன்னு போட்டுகிது. யாரு?”

“நான்தாங்க.”

“இறக்கறவனும் நீ, வாங்கறவனும் நீயா?”

“சீட்டுல அப்பிடித்தானுங்க இருக்குது.”

அவர் சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். சீட்டில் முத்திரை இருந்தது, உருப்படி இருந்தது, பெயர் இருந்தது. எந்த ஆபீசரும் இதற்கு மேல் கேட்பதில்லை. “சரி, கையெழுத்தைப் போட்டு எடுத்துகினு போ. வழியை அடைக்காதே.”

போட்டேன். எடுத்துக்கொண்டேன்.

உள்ளே ஒலிபெருக்கியில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றேன். யாரோ டிரெயிலர் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். காரியதரிசி எட்டிப் பார்த்து முகம் வெளுத்தார். தலைவர் மட்டும் அசரவில்லை.

“காலியாக இருப்பதுதான் அதன் பெருமை! சரக்கு சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் சங்கத்தில் மெம்பர்களின் விருப்பம் ஒன்றுகூட இன்று நிலுவையில் இல்லை என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இரண்டு கையிலும் லாரி இருந்தது.